கேமராவில் விழுந்த ஈரச் சட்டை

அத்தியாயம் 9

கத்திரி வெயிலில் துப்பறிகிறவனைப் போலப் பாவப்பட்ட ஜென்மம் திருச்சியில் வேறு கிடையாது. குற்றம் செய்தவன்கூட எங்கேயாவது நிழலில் உட்கார்ந்திருப்பான். அவனைத் தேடுகிறவன்தான் ரோட்டில் வேக வேண்டும்.

முந்தின நாள்தான் ஒரு கல்யாண விசாரணையை முடித்திருந்தோம். மாப்பிள்ளைப் பையனைப் பற்றி விசாரிக்க முசிறிக்கும் திருச்சிக்கும் பஸ்ஸில் அலையாய் அலைந்தோம். பையன் தங்கம். நாங்கள் பட்ட பாட்டுக்கு அவன் கொஞ்சமாவது கெட்டவனாக இருந்திருக்கலாம்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் எங்கள் ஆபீஸ். திருச்சியில் துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் ஒரே பெண்மணி எங்கள் மரகதவல்லி மேடம். ஐம்பதைத் தாண்டியவர், ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து ஸ்ரீரங்கத்திலேயே குடியிருப்பவர். உதவியாளன் காஜா மைதீன் என்கிற நான். போர்டில் என் பெயர் இல்லை, ஆனால் போர்டைத் துடைப்பது நான்தான்.

மேடம் நாற்காலியில் சாய்ந்து, ஈரத் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

"காஜா, யாராவது வந்தா நான் இல்லேன்னு சொல்லு."

"நீங்க இருக்கறப்பவே யாரும் வர்றதில்ல மேடம்."

சொல்லி வாயை மூடவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்தாள். என் சாச்சி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா. அவள் புருஷன் ரசூலையும் எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கம் மேலூர்ப் பக்கம் கொள்ளிடக் கரைத் தோப்புகளில் வாழை இலை வெட்டி ஓட்டல்களுக்குப் போடுகிறவன்.

"காஜா அண்ணே, அவரை ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸ்ல பிடிச்சு வச்சிருக்காங்க. நீர்நாயைக் கொன்னுட்டாருன்னு சொல்றாங்க. நேத்து சாயங்காலம் கூட்டிட்டுப் போனவங்க இன்னும் விடலை."

மேடம் துண்டை எடுக்காமலே, "உட்காரும்மா. தண்ணி குடி. அப்புறம் சொல்லு" என்றார்.

அவள் தண்ணீரைத் தொடவில்லை. "சாயங்காலம் ஜட்ஜு முன்னாடி நிறுத்தப் போறாங்களாம். நாளைக்கு விடிஞ்சா ஷார்ஜாவுக்கு ஃப்ளைட்டு. சூப்பர் மார்க்கெட்ல காய்கறிப் பிரிவுல வேலை. இந்த விசாவுக்கு எத்தனை வருஷம் அலைஞ்சோம்னு உங்களுக்குத் தெரியும்ணே. இன்னிக்கு உள்ள போயிட்டார்னா அந்த விசா அவ்வளவுதான். இன்னொரு வாட்டி அலைய எங்களுக்குத் தெம்பில்ல."

"கொன்னாரா?" என்று மேடம் கேட்டார். எப்போதும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கேட்கிற தொனியில் மட்டும் வருஷத்துக்கு வருஷம் அலுப்பு கூடிக்கொண்டே போகிறது.

"அல்லா மேல சத்தியமா இல்லீங்க. மீன் வலையைக் கடிச்சுக் கிழிச்சிடுச்சுன்னு ஒருநாள் திட்டினாரு. இதைக் கொல்லணும்னு வாய்க்கு வந்ததைச் சொன்னாரு. அது அந்த கேமராப் பொண்ணு காதுல விழுந்துருச்சு. தோப்புக்கார ஐயா நல்லவரு. வக்கீல் வைக்கிறேன்னு ஆள் விட்டு அனுப்பினாரு. ஆனா கேமராவுல இவர் ஒருத்தர்தான் விழுந்திருக்காராம். அதுக்கு மேல வக்கீல் என்ன பேசுவாரு?"

மேடம் துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது.

"வண்டியை எடு காஜா."

"தூங்கப் போறதா இருந்தோமே மேடம்."

"யார் தூங்க விடறா?"

*

அனுசுயா நீர்நாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மாணவி. மேலூரில் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் கட்டில் ஒன்று, லேப்டாப் ஒன்று, மற்றபடி தரை முழுக்க கேமராப் பெட்டிகள். பார்க்க டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். மரத்தில் கட்டிவிட்டால், எதிரே உடம்புச் சூட்டோடு ஏதாவது நகரும்போது தானாகவே படம் எடுக்கும். கேமரா ட்ராப் என்பார்கள். ஆள் நின்றால் ஓடிவிடும் பிராணிகளை ஆள் இல்லாமலே படம் பிடிக்கிற வித்தை.

அந்தப் பெண் அழுது முடித்து, கோபத்துக்கு வந்திருந்தாள்.

"செத்தது தாய் மேடம். ரெண்டு குட்டி இருக்கு. கோடையில கொள்ளிடம் வத்தி அங்கங்க மடு மடுவாத்தான் தண்ணி நிக்கும். அந்த மடுவுல மீன் பிடிச்சுக் குட்டிக்குக் கொடுக்கறதை மாசக்கணக்கா படம் எடுத்திருக்கேன். நேத்து சாயங்காலம் போனா, ரசூல் கழிச்சுப் போட்ட இலைக் குவியலுக்கு அடியில கிடக்கு. தெருநாய் பாதி வெளியே இழுத்துப் போட்டிருந்துச்சு."

"எப்படிச் செத்தது?"

"உடம்புல வெட்டு இல்ல. விஷமா இருக்கலாம்னு டாக்டர் சொல்றார். ரிப்போர்ட் வர நாளாகும்."

"ரிப்போர்ட் வர்றதுக்குள்ள ஷார்ஜாவுல காய்கறி அழுகிடும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

லேப்டாப்பில் படங்களை வரிசையாகக் காட்டினாள். தோப்புக்குள் போக வாய்க்கால் வரப்பு ஒன்றுதான் வழி, மற்ற மூன்று பக்கமும் முள்வேலி என்றாள். அந்த வரப்பைப் பார்த்துத்தான் கேமரா இருந்தது. விடிந்ததும் தாய் நீர்நாய் குட்டிகளோடு போகிறது. அப்புறம் இடுப்பில் அரிவாளோடு ரசூல் வெறுங்காலில் வருகிறான், இலைக்கட்டைத் தலையில் வைத்துத் திரும்புகிறான். அதற்கப்புறம் நீர்நாய் இன்னொரு தரம் தனியாக, ஆற்றிலிருந்து சொட்டச் சொட்ட வாய்க்காலில் ஏறுகிறது.

"அவன் போன பிறகும் உயிரோட இருக்கே" என்றேன்.

"விஷம் வச்சுட்டுப் போனா அப்புறம்தானே சார் தின்னும்?"

நியாயமான பதில். அடுத்த படத்தைத் தட்டினாள். நல்ல உச்சி வெயில். நெற்றியில் பாதி அழிந்த திருமண்ணோடு, வேட்டியும் சட்டையும் உடம்போடு ஒட்டிக்கிடக்க, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெரியவர் வெளியே நடந்து போகிறார்.

"இது யாரு?"

"ஜனார்தன் சார். தோப்பு அவரோடதுதான். ஸ்ரீரங்கத்துக்காரர், ரொம்ப ஆசாரம். இங்க கேமரா கட்ட இடம் கொடுத்ததே அவர்தான். நீர்நாய்க் குட்டி படத்தைக் காட்டினா குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார். மத்தியானம் குளிச்சுட்டுப் போறார், அவ்வளவுதான். அவரைச் சந்தேகப்பட்டா பாவம் மேடம்."

மேடம் அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு வாட்டம் வந்தது. அவருக்குக் குற்றவாளி கிடைக்கும்போதெல்லாம் வருகிற வாட்டம் அது என்று எனக்குத் தெரியும்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா மேடம்?" என்றேன்.

"எங்க தெருதான்." அப்புறம் அனுசுயாவிடம் திரும்பினார். "இவர் வெளியே போற படம் இருக்கு. உள்ளே போன படம் எங்கேம்மா?"

அனுசுயா முன்னும் பின்னும் தேடினாள். இல்லை.

"வேற வழியா வந்திருப்பார்."

"மூணு பக்கம் முள்வேலின்னு நீதானே சொன்னே? அறுபது தாண்டினவர், முள்வேலி ஏறிக் குதிச்சுக் குளிக்கப் போவாரா?"

*

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் உச்சந்தலையில் நின்றது. வாழைகள் இலை துவண்டு நின்றன. கேமரா இருந்த வேப்பமரத்தடியில் மேடம் உட்கார்ந்துவிட்டார்.

"காஜா, கேமராவுக்கு முன்னாடி நட."

அனுசுயா கேமராவைச் சோதனை நிலையில் வைத்தாள். ஆள் நகர்ந்தால் அதில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும் என்றாள். நடந்தேன். விளக்கு மின்னவில்லை. கையை வீசி நடந்தேன். சினிமா கதாநாயகன் மாதிரி திரும்பி நின்று பார்த்தேன். ஊஹூம்.

"என்னை யாரும் கண்டுக்கறதில்லைன்னு தெரியும் மேடம். மெஷினுமா?"

அனுசுயாவின் முகம் மாறியது. கேமராவை ஒருதரம் தட்டிப் பார்த்தாள். பிறகு வெயிலைப் பார்த்தாள்.

"சூடு" என்றாள் மெதுவாக. "சுத்தி இருக்கற சூடும் உடம்புச் சூடும் வேற வேறயா இருந்தாத்தான் இது பாக்கும். இந்த வெயில்ல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. எனக்குத் தெரியும் மேடம். படிச்சிருக்கேன். மிருகம் வர்றது காலையிலயும் சாயங்காலமும்தானேன்னு மத்தியானத்தை நான் கணக்குலயே எடுக்கலை."

"அப்போ கத்திரி மத்தியானத்துல இந்தக் கேமரா குருடு" என்றார் மேடம். "காஜா, மடுவுல போய் ஒரு முழுக்குப் போட்டுட்டு வா."

"என்ன மேடம் இது?"

"கட்டின துணியோட."

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன் கேள்வி கேட்கக் கூடாது. முழுகினேன். அந்த வெயிலில் அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த சுகம். சொட்டச் சொட்ட வரப்பில் ஏறி நடந்தேன். வேப்பமரத்தில் சிவப்பு விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது.

"ஈரம் உடம்பைக் குளிர வச்சிடுது. அதனாலதான் பாத்துச்சு" என்றாள் அனுசுயா. சொல்லிவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நேத்து மத்தியானம் யார் வேணும்னாலும் உலர்ந்த துணியோட உள்ள போயிருக்கலாம். ரசூல் ஒருத்தர்தான்னு நான் ரேஞ்சர்கிட்ட அடிச்சுச் சொன்னேன்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "முடிஞ்சது மேடம். ரேஞ்ச் ஆபீஸுக்குப் போய் நான் இன்னொரு தரம் முழுகிக் காட்டறேன். ரசூலை விட்டுடுவாங்க."

"யார் வேணும்னாலும் போயிருக்கலாம்னா ரசூலும் போயிருக்கலாம்னு அர்த்தம். அதை வச்சு யாரும் ஆளை விடமாட்டா." மேடம் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "காஜா, நீ எப்பவாவது சட்டையைப் போட்டுண்டு குளிச்சிருக்கியா?"

"இப்பத்தான்."

"ஏன்?"

"நீங்க சொன்னீங்க."

"ஜனார்தன் மாமாவுக்கு யார் சொன்னா? தினமும் குளிக்கறவர் சட்டையைக் கழட்டி வச்சுட்டு, துண்டைக் கட்டிண்டுதான் குளிப்பார். மாத்த உலர்ந்த வேட்டி கையில இருக்கும். படத்துல துண்டும் இல்லை, மாத்து வேட்டியும் இல்லை. சட்டையோட முழுகியிருக்கார். எங்க மனுஷா தொடக்கூடாததைத் தொட்டுட்டா, அதே துணியோட முழுகாம ஆத்து வாசப்படியைத் தாண்டமாட்டா."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "செத்ததைத் தொட்டிருக்காரு."

மேடம் மோட்டார் கொட்டகையைப் பார்த்து நடந்தார். கொட்டகையில் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத் தோப்புகளுக்கு இந்த வாரம் மத்தியானம்தான் மும்முனை மின்சாரம். பக்கத்துத் தோப்புகளில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. இங்கே வாழை வாடி நிற்கிறது, கரண்ட் இருக்கிறது, மோட்டார் மட்டும் சும்மா கிடக்கிறது. கொட்டகையிலிருந்து மடுவில் கிடந்த பம்ப் வரைக்கும் பழைய ஒயர் ஒன்று வாய்க்கால் ஓரமாகத் தரையிலேயே ஓடியது. வெயிலில் வெளுத்து, அங்கங்கே வெடித்திருந்த ஒயர். அதில் ஒரே ஓர் இடத்தில் கறுப்பு டேப், கடையில் இருந்து இப்போதுதான் வாங்கி வந்தது போலப் பளபளவென்று சுற்றியிருந்தது. ரசூலின் இலைக் குவியல் அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

"விஷம் இல்லை" என்றாள் அனுசுயா. "கரண்ட்டு அடிச்சுத்தான் செத்திருக்கு."

நான் மேடத்தைப் பார்த்தேன். ஜெயித்த முகமே இல்லை.

"இந்தத் தொழில்ல இதான் காஜா எனக்கு அலுத்துப்போச்சு. தேடித் தேடிப் போனா கடைசியில தெரிஞ்ச மனுஷா வாசல்லதான் போய் நிக்கறோம்."

*

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீடு. ஜனார்தன் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். மேடத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மலர்வதற்கு ஒரு கணம் முன்னால் வேறு என்னவோ வந்துபோனதை நான் பார்த்தேன்.

"வா மரகதம். எத்தனை நாளாச்சு! நீங்களும் வாங்கோ, உட்காருங்கோ" என்று எனக்கும் பாய் போட்டார். நல்ல மனிதர்தான். அதுதான் சங்கடம். "காலம்பற பெருமாளை ஸேவிச்சுட்டு வந்தேன். இந்தா, துளசிப் பிரசாதம்."

மேடம் வலது கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. அவர் மனைவி ஹம்ஸா.

"மாமா, ரசூல் விஷயமா வந்தேன்."

"பாவம் அந்தப் பையன். வக்கீல் வைக்கறேன்னு சொல்லியனுப்பியிருக்கேன்."

"நேத்து மத்தியானம் நீங்க தோப்புக்குப் போனேளா?"

"போனேன். ஸ்நானம் பண்ணிட்டு வந்தேன். கேமராவுலகூட விழுந்திருக்குமே!"

"விழுந்திருக்கு. சட்டையோட விழுந்திருக்கு. ஏன் மாமா சட்டையோட முழுகினேள்?"

ஊஞ்சல் நின்றது. ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. பெருமூச்சு ஒன்றை விட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதையா கேக்கறே? தோப்புல இருக்கறச்சே போன் வந்தது. எங்க சித்தப்பா பிள்ளை பரமபதிச்சுட்டான்னு. சாவு காதுல விழுந்தா கட்டின துணியோட முழுகணும் இல்லையோ? உனக்குத் தெரியாததா?"

மேடம் பிடித்த ஒரே நூலை அவர் அதே ஆசாரத்தை வைத்தே அறுத்துவிட்டார். சாவுச் செய்தி கேட்டாலும் அதே முழுக்குத்தானாம். கேமரா இதற்கு எதிர்சாட்சி சொல்லாது. ரேஞ்ச் ஆபீஸில் ரசூலைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக ஜீப்பைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் உள்ளங்கையில் இருந்த துளசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. ஹம்ஸா மாமி கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"யாரு? வரதுவா? நம்ம வரதுவா போயிட்டான்?"

ஜனார்தன் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்னா, நேத்து மத்தியானமே தெரியுமா உங்களுக்கு? ஏன் எங்கிட்ட சொல்லலை? ஒரே சித்தப்பா பிள்ளையாச்சே அவன்!" மாமிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அழுகையின் நடுவிலேயே அவருக்கு வேறொன்று உறைத்தது. புடவைத் தலைப்பு வாயிலேயே நின்றுவிட்டது. "பங்காளி போனா பத்து நாள் தீட்டு. காலம்பற சன்னதிக்குப் போனேளே! தீர்த்தம் வாங்கிண்டேளே! சடாரி சாதிச்சுண்டேளே! எல்லாருக்கும் பிரசாதம் வேற கொடுத்துண்டிருக்கேளே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதருக்கு இனி போக இரண்டே வழிதான் இருந்தது. வரது செத்தான் என்றால், தீட்டோடு பெருமாள் முன்னால் போய் நின்றவர் இவர். சாகவில்லை என்றால் பொய் சொன்னவர். நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணின பெண்டாட்டி எதிரே நிற்கிறாள்.

மாமி போனைக் கையில் எடுத்துவிட்டார். "வரது ஆத்துக்காரிக்குப் பேசறேன். பாவம், அவ என்ன நினைச்சுண்டிருப்பா..."

"பேசாதே ஹம்ஸா." ஜனார்தன் கையை நீட்டினார். "போனை வை. வரது சௌக்கியமா இருக்கான்."

மாமி போனோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"மோட்டாரைப் போட்டேன்" என்றார் ஜனார்தன். யாரையும் பார்க்காமல் பேசினார். "ஒயர் விட்டுப்போயிருக்குன்னு தெரியும். மாத்தணும் மாத்தணும்னு தள்ளிண்டே வந்தேன். அந்த ஜீவன் வாய்க்கால்ல இருந்திருக்கு. ஓடிப்போய் ஸ்விட்சை அணைச்சேன். அணைக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. தினமும் பார்த்த ஜீவன் மரகதம். என் கையாலதான் தூக்கினேன். கொட்டகையில இருந்த டேப்பை ஒயர்ல சுத்தினேன். இருட்டினதும் வந்து புதைச்சுக்கலாம்னு அதை இலைக்கடியில வச்சேன். ரசூல் மேல பழி விழணும்னு வைக்கலை. பெருமாள் சாட்சியா வைக்கலை."

"நேத்து சாயங்காலமே அவனைப் பிடிச்சுண்டு போயிட்டா. அப்போ சொல்லியிருக்கலாமே மாமா?"

"பயந்துட்டேன். இந்த வயசுல கோர்ட்டு வாசல்ல நிக்கணுமான்னு பயம். ரிப்போர்ட் வந்தா அவனை விட்டுடுவான்னு நினைச்சேன்."

"நாளைக்கு அவனுக்கு ஃப்ளைட்னு தெரியுமா?"

ஜனார்தன் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்."

எனக்கு ஏதாவது நக்கலாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வந்தது. ரசூல் எனக்கு உறவா? இல்லைதான். ஆனாலும் வந்தது.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "செத்ததைத் தொட்ட தீட்டு ஒரு முழுக்குல போயிடும்னு மடுவுல இறங்கினேள். அவன் உங்களுக்காக உள்ள உட்கார்ந்திருக்கானே, அதுக்கு எந்த மடுவுல போய் முழுகுவேள்?"

எழுந்தது மாமிதான். உள்ளே போய் உலர்ந்த சட்டை ஒன்றை எடுத்து வந்து புருஷன் கையில் கொடுத்தார்.

"போட்டுண்டு கிளம்புங்கோ. நானும் வரேன்."

*

ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் ஜீப்பின் கதவு திறந்தே இருந்தது. ரேஞ்சர் பூவரசன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஷரபுன்னிசா மதில் ஓரமாக நின்றாள். அனுசுயா எங்களுக்கு முன்னாலேயே வந்து, வெயிலில் கேமராவுக்குக் கண் தெரியாத கதையை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வேளை, பெரியவரே வந்துட்டாரு மேடம். இன்னொரு தரம் முழுகச் சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன்" என்றேன்.

ஜனார்தன் தானாகவே முன்னால் போனார். பேசினார். உள்ளே இருந்த ரசூலுக்கும் கேட்கும்படி முழுவதையும் சொன்னார், ஒயரை, மோட்டாரை, இலைக் குவியலை, ஒட்டின டேப்பை. வார்த்தை தடுமாறிய இடத்தில் மாமி பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பூவரசன் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்கினார். தோப்புக்கு ஆள் அனுப்பி ஒயரைப் பார்த்துவரச் சொன்னார். போன ஆள் போனில் உறுதி செய்யும் வரை நாங்கள் எல்லோரும் அந்த வாசலிலேயே நின்றோம். பிறகு ரசூலை வெளியே கூட்டி வந்தார்கள்.

ரசூல் மெலிந்த ஆள். முந்தின நாள் காலையில் கேமராவில் விழுந்த அதே கைலி, அதே சட்டை. ஷரபுன்னிசா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அனுசுயா அவன் எதிரே போய், "என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள். "பரவால்ல பாப்பா, குட்டிகளைப் பாத்துக்க" என்று அவன் சொன்னான். அவன் எல்லோருக்கும் சமாதானம் சொல்கிறவன் போலிருந்தது.

ஜனார்தன் அவன் எதிரே வந்தார். "ரசூல், நான் உனக்குப் பண்ணினது பெரிய பாவம்ப்பா" என்றார். குரல் உடைந்தது. "நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். திட்டணும்னா திட்டிடு."

ரசூல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். ஆனால் அவன் களைத்துப்போயிருந்தான். அன்றைக்கு அந்த வாசலில் நின்ற எல்லோரையும்விட அவன்தான் களைத்திருந்தான்.

"அந்த ஒயர் பக்கமாத்தான் ஐயா நான் தினம் காலையில நடக்கறேன்" என்றான். "இந்த வாரம் கரண்ட்டு மத்தியானம் வருது. போன வாரம் காலையில வந்துச்சு. அந்த ஜீவன் கிடந்த இடத்துல நான் கிடந்திருந்தா, என்னையும் இலைக்கடியிலதான் வச்சிருப்பீங்களா?"

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரசூல் மனைவியின் பக்கம் திரும்பினான். இரண்டு எட்டு வைத்தவன், மறந்துபோனதைச் சொல்வதற்கு நிற்பது போல நின்றான்.

"டேப் ஒட்டினா பத்தாதுங்க ஐயா. ஒயரையே மாத்திடுங்க. நான் நாளைக்குப் போயிடுவேன். அடுத்து இலை வெட்ட வர்றவனும் வெறுங்காலோடதான் வருவான்."